நான் ஸ்டெடிதான் டாக்டர், அப்புறம் ஏன் வண்டி ஓட்டக் கூடாது?

வந்த கேள்வி இது, கொஞ்சம் சுருக்கிப் போடுறேன்:

"டாக்டர், எனக்கு 18 வயசு, வெயிட் 55 கிலோ, லைசென்ஸ் எடுத்து எட்டு மாசம் ஆகுது. சனிக்கிழமை ஆனா ஃப்ரெண்ட் வீட்ல நாலு பேர் சேருவோம். பீர் மட்டும்தான், எனக்கு மூணு கேன். மத்த மூணு பேரும் மட்டையாயிடுவானுங்க, எனக்கு ஒண்ணுமே ஆகாது, பேச்சு கூட குளறாது. அதனால எப்பவும் நான்தான் கார் ஓட்டி எல்லாரையும் வீட்ல விடுவேன். எங்க அப்பாவும் இப்படித்தான், எவ்ளோ குடிச்சாலும் வெளிய தெரியாது. போன வாரம் அக்காவுக்கு விஷயம் தெரிஞ்சு பெரிய சண்டை, மூணு நாளா பேசல. ஸ்டெடியா இருக்குற ஆளு ஓட்டினாலும் தப்பா? எத்தனை மணி நேரம் வெயிட் பண்ணா போதும்? காபி குடிச்சா, தலையில தண்ணி ஊத்தினா தெளியுமா? நான் ஓட்டலேன்னா வேற யாரு ஓட்டுவா?"

தம்பி, உனக்கு என் பையன் வயசு, அதனால நீ வான்னே எழுதுறேன், தப்பா எடுத்துக்காத. நான் எமர்ஜென்சில வேலை பாக்குற டாக்டர். வார கடைசி நைட் டூட்டின்னா எங்க வார்டுல என்ன வரும்னு எங்களுக்கு முன்னாடியே தெரியும், அதனாலதான் உன் லெட்டரை ஓரமா வைக்க முடியல. நீ மறைக்காம எத்தனை கேன், எவ்ளோ வெயிட்னு எல்லாம் சொல்லிக் கேட்டிருக்க, அதுக்கு முதல்ல சந்தோஷம். அதே மாதிரி நானும் மறைக்காம சொல்றேன், இந்த லெட்டர்ல எனக்கு ரொம்ப பயமா இருந்த வரி நீ குடிச்சேன்னு சொன்னது இல்ல, "எனக்கு ஒண்ணுமே ஆகாது"ன்னு சொன்னதுதான்.

ஸ்டெடியா இருக்கேன்னு நீ எதை வச்சு முடிவு பண்ற? கால் தள்ளாடல, நாக்கு குளறல, வாந்தி வரல, அவ்ளோதானே. ஆனா சரக்கு மூளைல வேலை செய்யிறது காலுலயும் நாக்குலயும் ஆரம்பிக்கிறது இல்ல. மூளைல நரம்புகளை அடக்கி வைக்கிற காபான்னு ஒரு கெமிக்கல் இருக்கு, தூண்டி விடுற குளூட்டமேட்னு இன்னொண்ணு இருக்கு. ஆல்கஹால் முதல் கெமிக்கலோட வேலையை ஏத்தி விடும், ரெண்டாவதோட வேலையை இறக்கி விடும். மொத்தத்துல எல்லாமே மந்தமாகும், ஆனா ஒரே நேரத்துல ஆகாது. கொஞ்சூண்டு அளவுலயே அடி வாங்குறது நெத்திக்குப் பின்னாடி இருக்குற முன்மூளை, அதுதான் "இது வேணாம்டா"ன்னு தடுக்குறது, நம்ம நிலைமையை நாமளே எடை போடுறது எல்லாம் பண்ற இடம். பேலன்ஸைப் பாத்துக்குற சிறுமூளை தடுமாறுறது வெளிய தெரியிறதுக்கு இன்னும் அதிகமா உள்ள போகணும், மூச்சை ஓட்டுற இடம் கடைசில. அதாவது நான் ஸ்டெடியான்னு பாத்துச் சொல்ற ஆளுதான் முதல்ல டியூட்டில தூங்கிடுறான், அவன்கிட்டயே போய் நான் ஓட்டலாமான்னு நீ கேக்குற.

இது எல்லா வயசுக்கும் பொது. உன் வயசுக்குன்னு தனியா ஒண்ணு இருக்கு, அதை யாரும் பசங்களுக்குச் சரியா சொல்றதே இல்லைன்னு எனக்கு ரொம்ப நாளா வருத்தம். எலிகளை வச்சுப் பண்ணின ஆராய்ச்சில வளர்ற வயசு எலிக்கும் வளர்ந்த எலிக்கும் வெயிட்டுக்கு ஏத்த அதே அளவு ஆல்கஹால் குடுத்துப் பாத்தாங்க. வளர்ற வயசு எலி அவ்ளோ சீக்கிரம் தூங்கி விழல, தள்ளாடுறதும் கம்மி, மறுநாள் வர்ற அவஸ்தையும் கம்மி. ஆனா ஞாபகத்துல பதிய வைக்கிற வேலை மட்டும் பெரிய எலியை விட மோசமா அடி வாங்குச்சு. மனுஷப் பசங்ககிட்ட இந்த மாதிரி குடுத்து டெஸ்ட் பண்ண முடியாது, பண்ணவும் கூடாது, ஆனா நாங்க வார்டுல பாக்குறதும் இதோட ஒத்துத்தான் போகுது. ஒரு நாப்பது வயசு ஆளை "போதும்டா, போய்ப் படு"ன்னு உடம்பே நிறுத்தும், தூக்கம் தள்ளும், கண்ணு சொருகும். உன் வயசுல அந்த பிரேக் லேட்டாத்தான் பிடிக்கும். உனக்கு ஒண்ணும் ஆகலைன்னு அர்த்தம் இல்ல தம்பி, ஆகுறது உனக்குத் தெரியலைன்னுதான் அர்த்தம். அந்த முன்மூளையே 25 வயசு வாக்குலதான் முழுசா முதிரும்ங்கிறதையும் இதோட சேத்துக்கோ.

அப்பா விஷயத்துக்கு வர்றேன். எவ்ளோ குடிச்சாலும் தெரியாதுன்னு நீ கொஞ்சம் பெருமையா எழுதின மாதிரி பட்டுச்சு, பசங்க மத்தியில அது ஒரு கெத்துதான், புரியுது. ஆனா அமெரிக்கால மார்க் ஷக்கிட்னு ஒரு மனநல டாக்டர் இளவயசு ஆம்பளைங்களை வருஷக்கணக்கா தொடர்ந்து கவனிச்சாரு. குடிச்சா அவ்வளவா ஏறாத பசங்களுக்குத்தான் பிற்காலத்துல குடிக்கு அடிமையாகுற வாய்ப்பு அதிகமா இருந்துச்சு, அந்த ஏறாத தன்மை குடும்ப வழியா வர்றதும் தெரிஞ்சுது. காரணம் சிம்பிள், மத்தவன் ரெண்டுல நிறுத்துற இடத்துல இவனுக்கு நாலு தேவைப்படும். அப்பாவைப் பத்தி நான் எதுவும் தீர்ப்பு சொல்லல, அவரை எனக்குத் தெரியாது. உன் உடம்புல ஒரு அலாரம் சவுண்ட் கம்மியா வச்சு வந்திருக்கு, அவ்ளோதான் சொல்றேன். அது கெத்து இல்ல, நீ மத்தவனை விட ஜாக்கிரதையா இருக்கணும்ங்கிறதுக்குக் காரணம்.

சரி இப்போ உன் மூணு கேனுக்கு கணக்குப் போடுவோம், பேனா எடுத்துக்கோ. 330 மில்லி கேன், 5 சதவீதம்னா அதுல 16.5 மில்லி சுத்த ஆல்கஹால், எடைல 13 கிராம். மூணு கேன் 39 கிராம். ஆல்கஹால் கொழுப்புல அவ்வளவா சேராது, உடம்புல இருக்குற தண்ணிலதான் பரவும், அதனால ஆம்பளைக்கு வெயிட்டை 0.68ஆல பெருக்கி அந்த எடைல வகுக்கணும், விட்மார்க்னு ஒரு ஸ்வீடன்காரர் 1930கள்ல போட்டுக் குடுத்த கணக்கு, இன்னைக்கும் உதவுது. உன் 55 கிலோவுக்கு 37.4 வரும், 39ஐ இதால வகுத்தா ஒண்ணுக்குக் கொஞ்சம் மேல, அதாவது 100 மில்லி ரத்தத்துல சுமார் 104 மில்லிகிராம். ரெண்டு மணி நேரத்துல குடிக்கிறேன்னு வச்சுக்கிட்டா அதுக்குள்ள ஈரல் ஒரு 30 மில்லிகிராம் எரிச்சிருக்கும், மிச்சம் 70லருந்து 75. நீ சாவியைக் கையில எடுக்குறப்ப ரத்தத்துல இருக்குறது இது. கேன்ல ஸ்ட்ராங்னு போட்டு 8 சதவீதமா இருந்தா அதே மூணு கேன் 62 கிராமைத் தாண்டும், அப்போ கணக்கு எங்கயோ போயிடும், "பீர் மட்டும்தான்"ங்கிற வார்த்தைக்கு அங்க அர்த்தமே இல்ல. இதைப் படிக்கிற பொண்ணுங்களுக்கும் ஒண்ணு, அதே வெயிட் இருந்தாலும் பொண்ணுங்க உடம்புல தண்ணி பங்கு கம்மி, 0.55 வாக்குலதான் பெருக்கணும், அதே அளவு குடிச்சா ரத்தத்துல கூடுதலா நிக்கும். இது எல்லாமே தோராயம்தான், சாப்பிட்டியா, வேகமா குடிச்சியாங்கிறதைப் பொறுத்து மாறும், அதனால இந்தக் கணக்கை வச்சு "எனக்கு இவ்ளோதான் இருக்கும், கிளம்பலாம்"னு எவனும் வண்டி எடுத்துடாதீங்க, எவ்ளோ நிக்குதுன்னு காட்டத்தான் போட்டேன்.

எத்தனை மணி நேரம் வெயிட் பண்ணணும்னு கேட்டியே. ஈரல் மணிக்கு 15லருந்து 20 மில்லிகிராம் வரைக்கும்தான் இறக்கும். சாப்பாடு செரிக்கிறது மாதிரி அதிகமா போட்டா அதிகமா வேலை செய்யாது, கவுன்ட்டர்ல ஒரே ஒரு ஆள் உக்காந்து டோக்கன் போடுற மாதிரி, வரிசை எவ்ளோ நீளமா இருந்தாலும் அவன் வேகம் அவன் வேகம்தான். நைட் பத்து மணிக்கு 75ல இருந்தா முழுசா இறங்க விடியக்காலை மூணு மணி ஆகும். ஒரு நாள் கொஞ்சம் ஓவரா போய் எட்டு மணிலருந்து நடுராத்திரி வரைக்கும் ஆறு கேன்னு வச்சுக்கோ, மறுநாள் காலைல ஏழு மணிக்கு குளிச்சு பல்லு விளக்கி ஃப்ரெஷ்ஷா கிளம்புறப்ப கூட 40க்கு மேல ரத்தத்துல இருக்கலாம். காலைல மாட்டுறவங்க நிறைய பேர் "நேத்து குடிச்சது சார்"னு சத்தியம் பண்ணுவாங்க, பொய் சொல்லல, நேத்து குடிச்சதுதான் இன்னும் இருக்கு. முழுசா இறங்கின பிறகும் ஹேங்ஓவர்ல ஓட்டுற ஆளுக்குக் கவனம் சிதறுது, வண்டி லேன்ல ஆடுதுன்னு சிமுலேட்டர்ல உக்கார வச்சுப் பாத்த ஆய்வுகள் காட்டியிருக்கு.

காபி, தலைல தண்ணி, வாந்தி எடுக்குறது, கொஞ்ச தூரம் ஓடிட்டு வர்றது, இது எதுவுமே அந்த கவுன்ட்டர் ஆளை வேகப்படுத்தாது. காபி என்ன பண்ணும்னா தூக்கத்தை மட்டும் ஓட்டும், முழிப்பா இருக்குற போதை ஆளு ஆயிடுவ, அது இன்னும் மோசம், ஏன்னா இப்போ ஓட்டலாம்னு தைரியம் வரும். எனர்ஜி டிரிங்க் கலந்து குடிக்கிறதும் இதே கதை. வாந்தி எடுத்தா வயித்துல மிச்சம் இருக்குறது வெளிய வரும், ஏற்கனவே ரத்தத்துல ஏறினது வராது. பெரும்பகுதி சிறுகுடல்லருந்துதான் உறிஞ்சப்படுது, வெறும் வயித்துல போனா சர்ர்னு அங்க இறங்கிடும், சாப்பிட்டிருந்தா லேட்டா இறங்கும். லேட்டாகுதுங்கிறதுக்காக வராதுன்னு நினைச்சுடாத, பல பேருக்கு கடைசி கேன் முடிச்சு அரை மணி ஒரு மணி நேரம் கழிச்சுத்தான் உச்சத்துக்கே போகும், அதாவது பாதி வழில. வாயில புதினா மிட்டாய் போட்டு ஊதுறதும் வேலைக்கு ஆகாது, மெஷின் பாக்குறது நுரையீரல் ஆழத்துலருந்து வர்ற காத்தை, வாய் வாசனையை இல்ல.

இன்னொரு பொறி இருக்கு, இதுல நல்லா படிச்ச பசங்களே மாட்டுவாங்க. மெல்லன்பின்னு ஒருத்தர் 1919லயே நாய்களை வச்சுக் கண்டுபிடிச்சது. ரத்தத்துல அளவு ஏறிக்கிட்டு இருக்கும்போது 70னா ஒரு மாதிரி இருக்கும், ஏறி முடிச்சு இறங்கும்போது அதே 70 வந்தா தெளிஞ்ச மாதிரி இருக்கும். அளவு ஒண்ணுதான், மூளை அதுக்குள்ள கொஞ்சம் பழகிடுது. மனுஷங்களை வச்சுப் பாத்தப்போ இதுல ஒரு வில்லங்கம் தெரிஞ்சுது, "தெளிஞ்சுட்டேன்"ங்கிற ஃபீலிங் சீக்கிரம் வருது, ஆனா தப்பு பண்றதும் அவசரப்பட்டுக் கை வைக்கிறதும் அவ்ளோ சீக்கிரம் சரியாகுறது இல்ல. கொஞ்ச நேரம் கடலை போட்டுட்டு "இப்போ ஓகேடா"ன்னு நீ எழுந்திரிக்கிற நேரம் பாத்தியா, அந்த நேரம்தான் இது.

இனி வண்டிக்கு வருவோம். வண்டி ஓட்டுறதுங்கிறது ஒரு வேலை இல்ல, ஏழெட்டு வேலையை ஒரே நேரத்துல பண்றது. ரோட்டைப் பாக்கணும், கண்ணாடியைப் பாக்கணும், முன்னாடி போறவன் பிரேக் அடிப்பானான்னு கணிக்கணும், பக்கத்துல ஒருத்தன் ஓரத்துலருந்து இறங்குவானான்னு பாக்கணும், கை ஸ்டியரிங்ல, கால் பெடல்ல. ஆல்கஹால் முதல்ல உடைக்கிறது இந்த ஒரே நேரத்துல ரெண்டு வேலை பாக்குற சக்தியைத்தான், 100 மில்லிக்கு 20 மில்லிகிராம்லயே இது குறைய ஆரம்பிக்குது, ஓடுற பொருளைக் கண்ணு பின்தொடர்றதும் தடுமாறுது. 50ல ஸ்டியரிங் பிடி தளரும், திடீர்னு ஒண்ணு வந்தா சமாளிக்கிறது குறையும். 80 கிட்ட வந்தா வேகத்தைக் கட்டுப்பாட்டுல வைக்கிறது, இப்போ தாண்டின போர்டுல என்ன இருந்துச்சுன்னு ஞாபகம் வைக்கிறதே சிரமம். நீ இருக்குறது 70, 75.

இதுல உன்னோட அந்த எட்டு மாச லைசென்ஸ் இருக்கே, அதுதான் எனக்கு முக்கியமா படுது. இருவது வருஷமா ஓட்டுறவனுக்கு கியர், கிளட்ச், கண்ணாடி எல்லாம் கை கால் தானா பண்ணும், மூளை ஃப்ரீயா ரோட்டைப் பாக்கும். புதுசா ஓட்டுறவனுக்கு அதுல பாதி இன்னும் யோசிச்சுத்தான் நடக்குது, வெளிய தெரியாது, ஆனா உள்ள மூளை ஏற்கனவே ஹவுஸ்ஃபுல். எதைப் பாக்கணும்ங்கிறதும் இன்னும் பழகல, அனுபவப்பட்டவன் நிறுத்தியிருக்குற வேனைப் பாத்தா அதுக்குப் பின்னாடி யாராவது இருப்பாங்கன்னு காலை பிரேக் மேல வைப்பான், புது ஆளு வேனை மட்டும்தான் பாப்பான். ஏற்கனவே இடம் இல்லாத மூளைல போய் ஆல்கஹால் இருக்குற கொஞ்சத்தையும் பிடுங்குது. ரத்தத்துல அதே அளவு இருந்தாலும் டீனேஜ் பசங்க ஆக்சிடென்ட்ல மாட்டுற வாய்ப்பு பெரியவங்களை விட அதிகமா இருக்குறது இதனாலதான், நீ மோசமான டிரைவர்ங்கிறதால இல்ல, புது டிரைவர்ங்கிறதால.

கால் செகண்டு லேட்டா பிரேக் பிடிச்சா என்ன ஆகிடும்னு தோணும். மணிக்கு 60 கிலோமீட்டர்ல போற வண்டி ஒரு செகண்டுல கிட்டத்தட்ட 17 மீட்டர் ஓடும், கால் செகண்டுல 4 மீட்டர். காஞ்ச நல்ல ரோட்ல, நல்ல பிரேக் இருந்தா, பிரேக் பிடிச்ச பிறகு நிக்க ஒரு 20 மீட்டர் ஆகும்னு வச்சுக்கோ. குடிக்காம இருந்திருந்தா குறுக்க வந்த ஆளுக்கு ஒரு இஞ்ச் முன்னாடி வண்டி நின்னிருக்கும்னா, அந்தக் கால் செகண்டு லேட்டால அதே இடத்தை வண்டி சுமார் 27 கிலோமீட்டர் வேகத்துல தாண்டும். உடனே வர்ற அடிதான் அது, தொடாம நின்னிருக்க வேண்டிய வண்டி. நைட் டைம்ல எதிர் லைட் கண்ணுல அடிச்சா திரும்பப் பார்வை சரியாகவும் குடிச்சவனுக்குக் கூடுதல் நேரம் ஆகும். பைக்ல போறவங்களுக்கு இன்னும் ஒரு படி மேல, அங்க பேலன்ஸே உன் வேலை. காதுக்குள்ள பேலன்ஸ் பாக்குற இடத்துல ஒரு மெல்லிசான திரை இருக்கு, ஆல்கஹால் அதுல சீக்கிரம் ஊறி சுத்தி இருக்குற திரவத்தை விட லேசாக்கிடும், அதனால தலை திரும்பாமலே திரும்புற மாதிரி சிக்னல் போகும். படுத்தா ரூமே சுத்துதுன்னு உன் ஃப்ரெண்ட்ஸ் சொல்றாங்களே, அது இதுதான்.

ரெண்டு விஷயம் உன் சனிக்கிழமைல தனியா உக்காந்திருக்கு. ஒண்ணு வண்டில கூட வர்ற மூணு பேர். 2005ல ஸ்டெய்ன்பெர்க்ங்கிற உளவியல் பேராசிரியரும் அவர் கூட இருந்தவங்களும் கம்ப்யூட்டர்ல வண்டி ஓட்டுற கேம் குடுத்துப் பாத்தாங்க. தனியா ஆடும்போது நிதானமா ஆடின சின்ன பசங்க, ஃப்ரெண்ட்ஸ் பக்கத்துல நின்னு பாத்தா அதிகமா ரிஸ்க் எடுத்தாங்க, உன் வயசுக்காரங்களும்தான், 24 வயசைத் தாண்டினவங்ககிட்ட அந்த மாற்றம் இல்ல. அதுல ஒருத்தரும் குடிச்சிருக்கல. ரெண்டாவது தூக்கம். 1997ல ஆஸ்திரேலியால பண்ணின ஆய்வு, தொடர்ந்து 17 மணி நேரம் முழிச்சிருக்குற ஆளோட செயல்பாடு ரத்தத்துல 50 மில்லிகிராம் இருக்குறவன் அளவுக்கு இறங்கிடுது. காலைல ஆறு மணிக்கு எழுந்த பையன் நைட் பதினோரு மணிக்கு ஒரு சொட்டு குடிக்கலைன்னாலும் அந்த நிலைமைல இருக்கான், அதுக்கு மேல மூணு கேன்.

எங்க வார்டு விஷயம் ஒண்ணு சொல்லணும், இதைச் சொல்லத்தான் இவ்ளோ நீளமா எழுத உக்காந்தேன். அடிபட்டு வர்ற பையன் குடிச்சிருந்தா எங்களுக்கு வேலை ரெண்டு மடங்கு கஷ்டம். தலைல அடிபட்டவங்களுக்கு கிளாஸ்கோ ஸ்கோர்னு ஒண்ணு போடுவோம், கண்ணைத் திறக்குறானா, கேட்டதுக்குப் பதில் சொல்றானா, சொன்னா கையைத் தூக்குறானான்னு பாத்து 15க்கு மார்க் போடுறது. ஸ்கோர் கம்மியா இருந்தா மூளைல ரத்தம் கசியுதோன்னு உடனே ஸ்கேனுக்கு ஓடுவோம். குடிச்ச பையனும் இதே மாதிரித்தான் இருப்பான், மசமசன்னு, கூப்பிட்டா "ம்"னு மட்டும் சொல்வான், திரும்பத் தூங்குவான், வாந்தி எடுப்பான். இது போதையா மூளைல ரத்தமான்னு பாத்துச் சொல்ல முடியாது. நாங்களாவது சந்தேகப்பட்டு ஸ்கேன் எடுத்துடுவோம். கொடுமை என்னன்னா பாதி பேர் எங்ககிட்ட வர்றதே இல்ல, வண்டி விழுந்துச்சு, லேசா தலை இடிச்சுச்சு, வீட்ல தெரிஞ்சா திட்டு விழும், "போதைல இருக்கான், தூங்கினா சரியாயிடும்"னு ஃப்ரெண்ட்ஸ் படுக்க வச்சுடுவாங்க. காலைல எழுப்பினா எழுந்திரிக்க மாட்டான். உன் குரூப்புல எல்லாருக்கும் இதை ஃபார்வர்டு பண்ணு, குடிச்சவனுக்குத் தலைல அடிபட்டா தூங்க வைக்காதீங்க, நேரா ஆஸ்பத்திரி, திட்டு அப்புறம் வாங்கிக்கலாம்.

அடியே படாம வெறும் ஓவரா குடிச்சு மட்டையாகுறதுலயும் இதே ஆபத்து இருக்கு. உன் ஃப்ரெண்ட்ஸ் மூணு பேரும் மட்டையாவாங்கன்னு சாதாரணமா எழுதிட்ட. தூங்கின பிறகும் வயித்துல இருக்குறது ரத்தத்துல ஏறிக்கிட்டேதான் இருக்கும். தட்டினாலும் கிள்ளினாலும் எழுந்திரிக்கல, மூச்சு நிமிஷத்துக்கு எட்டுக்குக் கீழ போகுது, ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவுல பத்து செகண்டு கேப் விழுது, உடம்பு ஜில்லுன்னு இருக்கு, உதடு நீலமாகுது, இதுல ஒண்ணு தெரிஞ்சாலும் ஆம்புலன்ஸ் கூப்பிடு. மல்லாக்கப் படுக்க வைக்காத, ஒருக்களிச்சுப் படுக்க வை, வாந்தி வந்தா மூச்சுக் குழாய்க்குள்ள போயிடும், தொண்டைல அதைத் தடுக்குற அனிச்சையும் அப்போ வேலை செய்யாது. தனியா விட்டுட்டுப் போகாத. சின்ன வயசுல, அதுவும் சாப்பிடாம குடிச்சா, ரத்தத்துல சர்க்கரை திடீர்னு இறங்குற வாய்ப்பும் இருக்கு, ஏன்னா ஈரல் ஆல்கஹாலை எரிக்கிற வேலைல மாட்டிக்கிட்டா சர்க்கரை தயாரிக்கிற வேலை நின்னு போகும்.

சட்டம் பத்தி நீ கேக்கல, ரெண்டு வரி மட்டும். உலக சுகாதார நிறுவனம் பொதுவா ஓட்டுறவங்களுக்கு 50 மில்லிகிராமும், இளவயசு, புது டிரைவர்களுக்கு 20ம் வைக்கச் சொல்லுது. அமெரிக்கால 21 வயசுக்குக் கீழ உள்ளவங்களுக்கு எல்லா மாநிலத்துலயும் 20 அல்லது அதுக்கும் கீழத்தான் வச்சிருக்காங்க, ஜெர்மனில 2007லருந்து அந்த வயசுக்கும் புது லைசென்ஸுக்கும் பூஜ்யம். இவங்க எல்லாம் உன் வயசு மேல கோவத்துல இப்படிப் பண்ணல, மேல நான் சொன்ன காரணம்தான், சின்ன அளவே உன் வயசுல பெரிய அடி. உன் ஊர்ல என்ன லிமிட்னு பாத்துக்கோ, ஆனா லிமிட்டுக்குக் கீழ இருந்தா சேஃப்னு எடுத்துக்காத.

கடைசியா, நான் ஓட்டலேன்னா யாரு ஓட்டுவான்னு கேட்ட. உண்மைல நல்ல கேள்வி, ஏன்னா நீ ஃப்ரெண்ட்ஸை விட்டுட்டு வர மனசு இல்லாத பையன்னு இதுலயே தெரியுது. ஆனா இந்தக் கேள்வியை நைட் பத்து மணிக்கு நாலு பேரும் குடிச்ச பிறகு கேட்டா நாலு பேருல யார் கம்மியா குடிச்சான்ங்கிறது மட்டும்தான் பதிலா வரும், அது டிரைவரைத் தேர்ந்தெடுக்குற வழி இல்ல. முதல் கேன் திறக்குறதுக்கு முன்னாடி கேக்கணும். அன்னைக்கு ஒருத்தன் சுத்தமா தொடக் கூடாது, ஒரு கேன் கூட இல்ல, அவன் மட்டும்தான் ஓட்டணும், முறை வச்சுக்கோங்க. அது முடியலைன்னா கார் எடுத்துட்டே போகாதீங்க, டாக்ஸி கூப்பிடுங்க, அந்த வீட்லயே படுங்க. இன்னொருத்தன் குடிச்சுட்டு ஓட்டுறேன்னா அந்த வண்டில ஏறாத, பக்கத்து சீட்ல இருக்குறவனுக்கும் அதே அடிதான்.

எனக்கு இதை விட ஒரு ஆசை இருக்கு, மறைக்காம சொல்லிடுறேன், இன்னும் சில வருஷமாவது நீ குடிக்கவே வேணாம். மூளை வளர்ந்து முடியட்டும். 15 வயசுக்கு முன்னாடி குடிக்க ஆரம்பிச்சவங்கள்ல பத்துல நாலு பேர் வாழ்க்கைல எப்பவாவது அடிமையாகுற நிலைக்குப் போறாங்க, 20, 21ல ஆரம்பிச்சவங்கள்ல பத்துல ஒருத்தர், இது அமெரிக்கால பெரிய அளவுல எடுத்து 1997ல வெளிவந்த கணக்கு. நீ எப்போ ஆரம்பிச்சேன்னு எழுதல. அப்பாவோட அந்த ஏறாத உடம்பும் உனக்கு வந்திருந்தா, தள்ளிப் போடுற ஒவ்வொரு வருஷமும் உனக்கு லாபம். வாரம் தவறாம சனிக்கிழமை குடிக்கணும் போல இருக்கா, மூணு கேன் நாலா மாறுதா, குடிச்ச அன்னைக்கு நடுவுல கொஞ்ச நேரம் ஞாபகமே இல்லாம போச்சா, இதுல எதாவது ஆமான்னா நேர்ல ஒரு டாக்டரையோ கவுன்சிலரையோ பாரு, வெக்கப்படுறதுக்கு இதுல ஒண்ணும் இல்ல.

அக்காகிட்ட இன்னைக்கே பேசு. சண்டையை ஆரம்பிச்சது அவங்களா இருந்தாலும் நீ போய்ப் பேசு, இந்த லெட்டரைக் காட்டு. மூணு நாளா பேசலைன்னு எழுதியிருக்க, கோவம்னு நினைச்சுட்ட போல, நைட் டூட்டில எமர்ஜென்சி வாசல்ல ஓடி வர்ற அக்காக்களை நான் பாத்திருக்கேன், அது வேற. அவங்ககிட்ட ஒண்ணு கேட்டு வாங்கிக்கோ: ராத்திரி எத்தனை மணிக்கு ஃபோன் பண்ணாலும் அன்னைக்கு ஒரு கேள்வியும் கேக்காம வந்து கூட்டிட்டுப் போகணும், கேள்வி எல்லாம் மறுநாள் காலைல. அதுக்குப் பதிலா நீ அவங்களுக்குக் குடுக்க வேண்டியது கார் சாவி, வர்ற சனிக்கிழமை வீட்டை விட்டுக் கிளம்புறதுக்கு முன்னாடியே அவங்க கையில.